வெறுங்காலோடு நிற்கும் படங்கள்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நித்யா நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தாளே, அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அம்மா அந்தக் கவலையில் இருக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. நித்யா ஒரு கேள்வி கேட்டாள். "என்ன அத்தை, எல்லாப் படத்துலயும் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லான்னு மாட்டி விட்டிருக்கீங்க. கால்ல மட்டும் ஒண்ணுமே இல்லையே?" நீ சிரித்தாய். "அம்மா எனக்கு சாக்ஸே வாங்கித் தந்ததில்ல. ஸ்கூல்ல கட்டாயம்னு சொன்னப்புறம்தான்" என்றாய். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பாயசம் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அன்று பாயசமே வைக்கவில்லை என்பது உங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் இருவரும் பெங்களூர் திரும்பிவிட்டீர்கள். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை, போனில் சொன்னால் பாதியில் அழுது கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் உன்னைச் சேர்த்தும் நீ அச்சா, ஜல்தி என்று ஹிந்தியிலேயே வளர்ந்தாய். பரவாயில்லை, இது வேகமாகப் படிக்கிற கடிதம் இல்லை. ஆனால் நித்யா திருச்சிப் பெண், கடகடவென்று படித்துவிடுவாள் என்று அவள் கையில் கொடுத்துவிடாதே. முதலில் நீ படி. அப்புறம் அவளுக்குக் கொடு. கேள்வி கேட்டவள் அவள்தான், பதில் அவளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

நீ ஏழு மாதத்தில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். "அவசரக்காரன், அம்மா வயிற்றில் இடம் போதாது என்று கிளம்பி வந்துவிட்டான்" என்று உறவுக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்துச் சொன்னதெல்லாம் மிச்சத்தைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒன்றரை அறை, முன்னால் ஒரு வேப்பமரம். நான் ஒரு அமைச்சகத்தில் டைப்பிஸ்ட். டிசம்பர் மாதம் ஒரு காலையில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. அதற்குப் பிறகு நினைவில்லை. ரத்தக் கொதிப்பு ஏறி எனக்கு வலிப்பு வந்ததாகவும், ஆபீஸ் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதாகவும் பிறகு சொன்னார்கள். கண் விழித்தபோது வயிற்றில் தையல் இருந்தது, நீ பக்கத்தில் இல்லை.

மூன்று நாள் உன்னை எனக்குக் காட்டவில்லை. அப்பா வந்து வந்து போவார். "நல்லாத்தான் இருக்கான்" என்பார், என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. நம் குடும்பத்தில் அந்த வேலைக்கு நான்தான் என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்குப் புரியும். நாலாம் நாள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு பெட்டிக்குள் நீ கிடந்தாய். ஒன்றேகால் கிலோ. மூக்கில் ஒரு குழாய், தலையை மூடி ஆக்ஸிஜனுக்கு ஒரு கண்ணாடிக் கூடு. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்து இழுத்து வாங்கியது, எலும்பை எண்ணலாம். மூச்சு விடும்போது முனகினாய். அந்த முனகல் ஒரு சின்னக் குழந்தையின் சத்தம் மாதிரியே இல்லை, பாரம் தூக்குகிற ஆள் முனகுகிற மாதிரி இருந்தது. இது என் குழந்தை என்று எனக்குத் தோன்றவில்லை, கண்ணா. ஐயோ என்று பயம் மட்டும்தான் வந்தது. பிள்ளையை முதன்முதலாகப் பார்த்தபோது பாசம் பொங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பாசம் வர இரண்டு நாள் ஆனது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நுரையீரல் முழுசாகத் தயாராகும் முன்பே பிறந்துவிட்டான், அதனால்தான் இந்த இழுப்பு, இது மெல்ல அடங்கலாம் என்றார். அடங்கவும் செய்தது. நான் சாமிக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று தொடங்கியது. நீ மூச்சு விடுவதையே நிறுத்த ஆரம்பித்தாய். நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாய், நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று அசைவு நின்றுவிடும். குறைமாதக் குழந்தையின் மூளை சில சமயம் மூச்சு விட மறந்துவிடும், நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும் என்றார் டாக்டர். மருந்து ஊசி மூலம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இப்போது போல மூச்சு நின்றால் மணி அடிக்கிற கருவியெல்லாம் அந்த அறையில் இல்லை. பதினாறு குழந்தைகள், இரண்டு சிஸ்டர்கள். அதனால் நடக்க முடிந்த தாய்மார்களைப் பகலில் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். நாங்கள்தான் அந்தக் கருவி.

மூத்த சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நெஞ்சு நின்றால் தஸ் தக் கினோ, பத்து வரை எண்ணு. அதற்குள் தானாக மூச்சு வந்தால் விட்டுவிடு. வராவிட்டால் பெட்டியின் பக்கத்து ஓட்டையில் கையை விட்டு உள்ளங்காலில் விரலால் சுண்டு. சுருக்கென்று பட வேண்டும், தடவிக் கொடுக்கக் கூடாது. அதற்கும் வராவிட்டால் கத்து. இவ்வளவுதான் பாடம். முதல் நாள் நான் மூன்று எண்ணும்போதே சுண்டிவிட்டேன். நீ திடுக்கிட்டு அழுவாய், எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் உன் உள்ளங்கால் சிவந்துவிட்டது. சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "குழந்தையைத் தூங்க விடு. எல்லா நிறுத்தமும் நின்றுபோவது இல்லை" என்று ஹிந்தியில் சொன்னாள். எனக்கு அது காதில் ஏறியது, புத்தியில் ஏறவில்லை.

அந்த அறையைத் துடைக்க ஒரு ஆயா வருவாள். அஞ்சலை என்று பெயர், விழுப்புரம் பக்கத்துக்காரி, ரயில் பாதை ஓரத்துக் குடிசைகளில் இருந்தாள். தினக்கூலிக்கு வந்தவள். குழந்தைகளைத் தொடும் உரிமை அவளுக்குக் கிடையாது. ஆனால் தரையைத் துடைத்துக்கொண்டே பதினாறு நெஞ்சையும் பார்த்துக்கொண்டு போவாள். ஏதாவது ஒன்று நின்றால் சிஸ்டருக்கு முன்னால் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் தமிழில் முணுமுணுத்து எண்ணுவதைக் கேட்டுத்தான் என்னிடம் பேச ஆரம்பித்தாள். "அயுவாதக்கா. கொயந்த மூச்சு வுடுது பாரு. நீ அயுதா உன் கண்ணுல தண்ணி நிக்கும், அவன் நெஞ்சு எப்புடித் தெரியும்?" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் நான் அந்த அறைக்குள் அழுவதை நிறுத்தினேன்.

இனி காலுறைக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்கள் டெல்லிக் குளிருக்கு எப்படிப் பயப்படுவோம் என்பது உனக்குத் தெரியாததா? தீபாவளிக்கே ஸ்வெட்டரை எடுத்துவிடுவோம், பக்கத்து வீட்டு பஞ்சாபிக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். மதுரை வெயிலில் வளர்ந்த எனக்குக் குளிர் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு எதிரி. அது பாதம் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும் என்று குவார்ட்டர்ஸில் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் சொல்வோம். ஆபீஸில் மதியம் வெயிலுக்காகப் புல்வெளியில் உட்கார்ந்து எல்லாப் பெண்களும் கம்பளி பின்னுவார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு நான் உனக்காக முதன்முதலாகப் பின்னியது ஒரு ஜோடி மஞ்சள் காலுறை. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. அதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லி அதை வீட்டிலிருந்து எடுத்து வரச் செய்தேன்.

குழந்தைக்கு எதுவும் போடக் கூடாது என்பது விதி. நெஞ்சு தெரிய வேண்டும், நிறம் தெரிய வேண்டும், உள்ளங்கால் சுண்டுவதற்குத் திறந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும், தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். முந்தின வாரம்தான் ஒரு தாய் குழந்தையின் நெற்றியில் ரகசியமாக மை வைத்தாள் என்று அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவள் வராண்டாவில் உட்கார்ந்து நாளெல்லாம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதையெல்லாம் பார்த்தும் செய்தேன். அன்று மதியம் வரை பனிமூட்டம் விலகவில்லை. கையை விட்டு உன் பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. இப்போது யோசித்தால் சில்லென்று இருந்தது என் கைதான், பெட்டிக்குள் சூடாகத்தான் இருந்தது. ஒரு சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தாள், இன்னொருத்தி மூலையில் வேறொரு குழந்தையோடு இருந்தாள். மடியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டேன். கழன்று விழாமல் இருக்கக் கணுக்காலில் கம்பளி நூலைச் சுற்றி, மல்லிகைப் பூ கட்டுகிற முடிச்சைப் போட்டேன். என் விரலுக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான். அது இழுக்க இழுக்க இறுகும்.

பத்து நிமிஷம் உன்னைப் பார்த்துப் பூரித்துப் போனேன். அன்றுதான் நீ ஒரு வீட்டுக் குழந்தை மாதிரி இருந்தாய். அப்புறம் நெஞ்சு நின்றது. எண்ணினேன். மூன்றில் கை துடித்தது, சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து பொறுத்தேன். பத்து. கையை விட்டுச் சுண்டினேன். கம்பளியில் பட்டு விரல் மெத்தென்று திரும்பி வந்தது, உனக்குப் படவே இல்லை. மறுபடியும் சுண்டினேன். நீ அசையவில்லை. காலுறையைப் பிடித்து இழுத்தேன், முடிச்சு இறுகியது. நகத்தால் பிரிக்கப் பார்த்தேன், பிரியவில்லை. உன் உதடு முதலில் சாம்பலாகி, பிறகு நீலமாகியது. கத்த வேண்டும் என்று தெரிகிறது, தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. என் குழந்தையை நானே கட்டிப் போட்டுக் கொல்கிறேன் என்று நினைத்தேன். இருபத்தேழு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் தொடர்கிறேன்.

அஞ்சலைதான் கத்தினாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து எதிர்ப்பக்க ஓட்டையில் கையை விட்டு, ஃபினாயில் ஈரத்தோடு உன் முதுகைப் பரபரவென்று தேய்த்தாள். சிஸ்டர் வந்து அவளைத் தள்ளிவிட்டு, மூக்கிலும் வாயிலும் ரப்பர் முகமூடியை வைத்து ஒரு பையை அமுக்கினாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. எத்தனை முறை அமுக்கினாள் என்று நான் எண்ணவில்லை, எண்களெல்லாம் மறந்துவிட்டன. உதட்டில் சிவப்பு வந்த பிறகு நீ பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாய். சிஸ்டர் கத்தரிக்கோலால் நூலை வெட்டிக் காலுறை இரண்டையும் உருவித் தரையில் போட்டாள். பிறகு திரும்பி, "கிஸ்னே பெஹ்னாயா?" என்று கேட்டாள். யார் போட்டது?

நான் வாயைத் திறந்தேன். அது உண்மை. ஆனால் திறந்த வாயிலிருந்து எதுவும் வரவில்லை. என் கண் கதவுப் பக்கம் போனது, வெளியே அந்த மை வைத்த தாய் உட்கார்ந்திருந்தாள். என்னையும் அங்கே உட்கார வைத்துவிட்டால் உன் மூச்சை யார் எண்ணுவார்கள்? இது ஒரு நொடியில் ஓடிய எண்ணம். அந்த ஒரு நொடிக்குள் அஞ்சலை, "மைனே, சிஸ்டர்" என்றாள். நான்தான் போட்டேன், குழந்தைக்குக் குளிருமே என்று போட்டேன் என்றாள். சிஸ்டர் அவளைத் திட்டிய திட்டு முழுவதும் எனக்குப் புரிந்தது, ஹிந்தி அவ்வளவு நன்றாக அன்றைக்கு முன்னால் எனக்குப் புரிந்ததில்லை. நாளையிலிருந்து வராதே என்று முடித்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து உன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவப் போகிற சாக்கில் வராண்டாவுக்குப் போனேன். அஞ்சலை அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ உள்ள இருக்கணும்க்கா. நான் இல்லாங்காட்டி இந்தத் தரைய வேற எவளாச்சும் தொடைப்பா. போ, போய் எண்ணு" என்றாள். காலுறைகளை என் கையில் திணித்தாள். நான் ஒரு நன்றி சொல்லவில்லை. அவள் எந்தக் குடிசையில் இருக்கிறாள் என்று கேட்கவில்லை. உள்ளே உன் நெஞ்சு நின்றிருக்குமோ என்று திரும்பி ஓடினேன். பயம் மனுஷனை நல்லவனாகவும் விடாது, மரியாதை தெரிந்தவனாகவும் விடாது. நாற்பது நாள் கழித்து உன்னை வீட்டுக்குக் கூட்டி வரும்போது அவளை விசாரித்தேன். அன்றைக்குப் போனவள்தான், எங்கே என்று தெரியாது என்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. நிம்மதியாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை என்றோ சொல்லியிருப்பேன். உனக்கு இரண்டு வயதானபோது ஜனக்புரிக்கு வீடு மாற்றினோம். அங்கே அப்போது தெருவுக்குத் தெரு கட்டட வேலை. ஒரு ஜனவரிக் காலை, நீ என் இடுப்பில் குல்லாவும் வெறுங்காலுமாக இருந்தாய், அப்பா கூட வந்தார். தலையில் செங்கல் சுமந்து வந்த ஒருத்தி எங்களைப் பார்த்ததும் சுமையை இறக்கிவிட்டு வந்தாள். அஞ்சலைதான். முகம் கறுத்து ஒடுங்கியிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. உன் வெறுங்காலைப் பார்த்தாள், சிரித்தாள். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். நீ வீறிட்டு அழுதாய். "தொண்டை நல்லா கீது" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி கூப்பிட்டதால் போய்விட்டாள். அப்பா கேட்டார், "யாரு?" நான் சொன்னேன், "யாரோ தமிழ்க்காரி போலிருக்கு. குழந்தையப் பாத்துட்டு வந்தா." அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார். மறுநாள் நான் மட்டும் அங்கே போனேன். அந்தக் கூட்டம் வேறு இடத்துக்கு வேலைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு டெல்லியில் கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் அவள் முகத்தைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

உன்னை நான் வளர்த்த விதம் உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வரை நீ தூங்கும்போது வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். நீச்சலுக்கு அனுப்பவில்லை. மணாலி டூருக்கு நீ அழுது கேட்டும் பணம் கட்டவில்லை. நீ முனிர்காவில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன் என்றபோது நெஞ்சு வலி என்று நடித்தேன். அது நடிப்பு என்று உனக்கும் தெரியும், நீ போகவும் செய்தாய், நல்லது. மூன்று எண்ணுவதற்குள் சுண்டிச் சுண்டியே உன்னை வளர்த்தேன். நீ சும்மா இருந்தாலே என்ன ஆச்சு என்று கேட்டேன். நித்யாவிடம் அப்படி இருக்காதே. அவள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். ஆனால் அவள் ஒன்றைக் கேட்டால், பாயசம் அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போகாதே.

நேற்று மதியம் இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். என்னையறியாமல் நான் எண்ண ஆரம்பித்தேன். எட்டு எண்ணும்போது, "எனக்குத் தெரியும்" என்றார். அன்றே வராண்டாவில் அஞ்சலை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். "அக்காவத் திட்டாதீங்க, பயந்துபோய்க் கீது" என்றாளாம். அப்படியானால் ஜனக்புரித் தெருவில் "யாரு?" என்று அவர் தெரியாமல் கேட்கவில்லை. நான் சொல்வதற்கு ஒரு இடம் விட்டுக் கேட்டிருக்கிறார். "ஏன் இத்தனை வருஷம் கேக்கல?" என்றேன். "நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். அவர் பத்தோடு நிறுத்தவில்லை, இருபத்தைந்து வருஷம் எண்ணியிருக்கிறார்.

மஞ்சள் காலுறை இரண்டும் என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கின்றன. ஒன்றில் வெட்டிய நூலும் அந்த முடிச்சும் அப்படியே இருக்கின்றன. கல்யாணத்துக்கு வரும்போது காட்டுகிறேன். இதைப் படித்து முடித்ததும் நீ என்னைக் கூப்பிடாமல் இருக்கலாம். ஒரு நாள், ஒரு வாரம், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் இங்கே எண்ணிக்கொண்டுதான் இருப்பேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கும், அது இனிப் போகாது. ஆனால் இந்த முறை சுண்டமாட்டேன்.

ஜனக்புரியிலிருந்து,
உன் அம்மா